வண்ணத்துப்பூச்சியும் எமது காணியும்

ஆவணி பிறந்து புரட்டாதி முடியும் வரையான காலம் வடபகுதிக் கமக்காரருக்குக் கடினமான காலம். சிறுபோகம் செய்தவர்கள் அறுவடையை முடித்துவிடுவார்கள். குளங்கள் வற்றி அடிச்சேறு தெரியும். மாதக்கணக்காக வீசிய சோளகக் காற்று மண்ணை உலர்த்தி, பற்றைகளின் இலைகளையும் உதிர்த்திருக்கும். காலபோகத்துக்கு மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்திருக்கும் இந்த நாட்களில், பிள்ளைகளோடு சேர்ந்து வண்ணத்துப்பூச்சிகளைத் தேடுங்கள், அவற்றைப் படம் எடுங்கள் என்று நாம் கேட்டால் வாசகர்களில் பலர் சிரிக்கக்கூடும். சிலருக்குக் கோபமும் வரலாம்.

அந்தக் கோபம் நியாயமானதே. சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் வாழும் குடும்பங்கள் எம்மத்தியில் உள்ளன. திரும்பிய குடும்பங்களுக்கோ கடன், யானை, குரங்கு, விளைச்சலுக்கு விலையின்மை என்று கவலைகள் ஏராளம். வண்ணத்துப்பூச்சியால் அடுப்பு எரியாது, கடனும் அடையாது. இதை நன்கு உணர்ந்துகொண்டே எமது கருத்தை இங்கு முன்வைக்கிறோம்.

கணக்கில் வராத இழப்பு

இடப்பெயர்வால் நாம் இழந்தவை பல தடவைகள் கணக்கெடுக்கப்பட்டன. வீட்டில் எத்தனை அறை, கிணறு கட்டுக்கிணறா, மாடு எத்தனை, உழவு இயந்திரம் இருந்ததா என்றெல்லாம் படிவங்களில் எழுதிக் கொடுத்தோம். ஆனால் உங்கள் காணியில் நிற்கும் செடிகளின் பெயர் உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவர் இன்று முப்பது வயதைக் கடந்து தாமே பெற்றோராகிவிட்டார். 2009இல் செட்டிகுளத்து முகாமில் பிறந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதை எட்டிவிட்டது. இவர்களுக்குக் காணியைப் பற்றிய அறிவு எங்கிருந்து கிடைத்திருக்கும்?

எமது ஊர்களில் இந்த அறிவு புத்தகத்தால் வந்ததல்ல. தகப்பன் வேலி அடைக்கும்போது பக்கத்தில் நின்று கதியால் எடுத்துக் கொடுத்த பிள்ளை, இது கிளுவை, இது பூவரசு, இது ஆடாதோடை என்று கேட்காமலே கற்றது. பேத்தியாரோடு கீரை பிடுங்கப் போன பிள்ளை எது கறிக்கு உதவும், எது மருந்துக்கு உதவும், எது நஞ்சு என்று அறிந்துகொண்டது. தறப்பாள் கொட்டில்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்கு வேலியும் இல்லை, கீரைப்பாத்தியும் இல்லை. அந்தப் பிள்ளை இன்று காணிக்கு வந்து நின்றால் அதன் கண்ணுக்கு எல்லாமே வெறும் பற்றை. பற்றை என்று கண்டதை வெட்டி எரிப்பதில் அது தயங்கப் போவதில்லை.

காணியின் உறுதியைப் பிள்ளையின் பெயருக்கு எழுதிவிடலாம். காணியைப் பற்றிய அறிவை அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. அதை மீண்டும் ஊட்ட ஒரு வழி வேண்டும். பிள்ளைகள் தாமாகவே பின்னால் ஓடும் ஓர் ஆசிரியர் வேண்டும். வண்ணத்துப்பூச்சி அத்தகைய ஆசிரியர் என்பதே எமது கருத்து.

பூச்சி அறிந்த செடி

இலங்கையில் ஏறக்குறைய 250 இன வண்ணத்துப்பூச்சிகள் உள்ளன. அவை பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும். ஆனால் முட்டையிடும்போது பெண்பூச்சி கண்ட இடத்தில் இடுவதில்லை. தன் புழு தின்னக்கூடிய செடி எதுவோ அதைத் தேடிச் சென்று, இலையைக் காலால் தொட்டுச் சோதித்த பின்னரே முட்டையிடும். பெரும்பாலான இனங்களின் புழுக்கள் ஒரு சில செடிகளைத் தவிர வேறெதையும் தின்னா. ஆகவே ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பின்தொடரும் பிள்ளை ஈற்றில் ஒரு செடியின் முன் வந்து நிற்கும். "இது என்ன செடி?" என்று வீட்டில் கேட்கும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

கறுப்பிலே மஞ்சள் புள்ளிகள் கொண்ட பூச்சி ஒன்று கிணற்றடித் தேசி மரத்தைச் சுற்றிப் பறப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதன் புழு தேசி, தோடை, கறிவேப்பிலை போன்றவற்றின் இலையைத் தின்னும். சிறிய புழு பறவையின் எச்சம் போலத் தோன்றும், வளர்ந்தபின் இலைப்பச்சையாகிவிடும். தொட்டால் தலைப்பக்கத்திலிருந்து இரண்டு கொம்புகளை நீட்டி மணம் வீசும். பிள்ளைகள் இதை ஒரு முறை பார்த்தால் மறக்கமாட்டார்கள்.

எருக்கலையைச் சுற்றிப் பறக்கும் செம்மஞ்சள் பூச்சியின் புழுவுக்கு எருக்கலைப் பால்தான் கவசம். அந்த நஞ்சு உடலில் சேர்வதால் பறவைகள் அதை விரும்புவதில்லை. ஆடுதீண்டாப்பாளையை எமது முன்னோர் ஏன் அப்படி அழைத்தார்கள் என்பது ஆடு வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஆடு தொடாத அந்தச் செடியையும் ஈஸ்வரமூலிக் கொடியையும் தின்று வளர்வது, கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் புள்ளிகளும் கொண்ட, உடலும் சிவந்த ஒரு பூச்சி. அதுவும் நஞ்சுள்ளது. தேசியில் வளரும் இன்னோர் இனத்தின் பெண்களில் சில, நஞ்சே இல்லாதிருந்தும், இந்தச் செம்புள்ளிப் பூச்சியைப் போலவே உடை அணிந்து பறவைகளை ஏமாற்றுகின்றன.

திருக்கொன்றையிலும் தகரையிலும் வெளிர்மஞ்சள் பூச்சிகள் வளர்கின்றன. கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் இடம்பெயர்ந்து செல்பவை இவைதாம். மாமரத்தில் ஒட்டி வளரும் குருவிச்சையைத் தின்பது வேறோர் இனம். மன்னார், யாழ்ப்பாணம் போன்ற வரண்ட கரையோரங்களில் உகா மரத்தை நம்பி வாழும் சிறிய செம்மஞ்சள் பூச்சி ஒன்று உண்டு. மலைநாட்டில் எத்தனை வளம் இருந்தாலும் இதை அங்கே காண முடியாது. எமது வரண்ட மண்ணுக்கும் அதற்கே உரிய செல்வங்கள் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

இவற்றின் பெயர்கள் புத்தகங்களில் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் உள்ளன. அளவையாளர் நாயகமாக இருந்த வுட்ஹவுஸ் 1942இல் இலங்கை வண்ணத்துப்பூச்சிகள் பற்றி ஒரு பெரும் நூலை வெளியிட்டார். தமிழில் எமது ஊர்களில் எல்லாவற்றுக்கும் வண்ணத்துப்பூச்சி என்ற ஒரே பெயர்தான். தமிழ்நாட்டில் இப்போது தமிழ்ப் பெயர்கள் சூட்டுகிறார்கள்; 2019இல் அந்த அரசு தனது மாநில வண்ணத்துப்பூச்சியாகத் 'தமிழ் மறவன்' என்பதை அறிவித்தது. எமது பிள்ளைகளும் பெயர் வைக்கட்டும். தேசிக்காரன், எருக்கலைக்காரன், குருவிச்சைக்காரி என்று செடியை வைத்தே அழைக்கட்டும். பூச்சியின் பெயரைச் சொல்லும்போது செடியின் பெயரும் நாவில் நிற்கும்.

வரட்சியில் தேடுவதன் பயன்

மழை பெய்து தளிர் விடும் மாதங்களில் வண்ணத்துப்பூச்சிகள் எங்கும் பறக்கும். அப்போது தேடுவது இலகு. அப்படியிருக்க ஆவணி புரட்டாதியில் ஏன் தேட வேண்டும்?

வரட்சியின் முடிவில் பூச்சிகள் குறைவு. இருப்பவை எங்கே ஈரமும் நிழலும் பூவும் எஞ்சியிருக்கின்றனவோ அங்கே கூடும். வற்றும் குளத்தின் சேற்றோரம், கிணற்றடி வாய்க்கால், மாடு படுத்த ஈரநிலம் ஆகிய இடங்களில் அவை வரிசையாக அமர்ந்து நீர் உறிஞ்சுவதைக் காணலாம். அப்படி அமர்பவை பெரும்பாலும் ஆண்பூச்சிகள். அவை தண்ணீருக்காக மாத்திரம் வருவதில்லை. மண்ணிலுள்ள உப்புச்சத்துக்காகவும் வருகின்றன.

ஆகவே இந்தக் காலத்தில் பூச்சியைத் தேடுவது, காணியின் எந்த மூலை வரட்சியைத் தாங்குகிறது என்பதைத் தேடுவதாகும். எங்கே நாயுண்ணி இன்னும் பூக்கிறது, எங்கே தும்பை வாடாமல் நிற்கிறது, எந்த மரத்தடியில் மண் கடைசியாகக் காய்கிறது என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே கண்டுகொள்ளும். கன்று நடுவதற்கும் கீரைப்பாத்தி போடுவதற்கும் இடம் தேடும் கமக்காரருக்கு இது வீண் அறிவல்ல.

பருவத்தை எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதையும் பூச்சிகளிடம் பார்க்கலாம். நெல்லிலும் புல்லிலும் வளர்ந்து மாலை மங்கும் நேரத்தில் பறக்கும் மண்ணிறப் பூச்சி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் பிறப்பவற்றின் சிறகின் கீழ்ப்பக்கத்தில் கண் போன்ற புள்ளிகள் தெளிவாக இருக்கும். வரட்சியில் பிறப்பவற்றில் அவை மங்கி, சிறகு உலர்ந்த சருகைப் போலவே இருக்கும். சருகு நிறைந்த காலத்தில் சருகாக இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

பிடிக்க வேண்டாம், படம் எடுப்போம்

முன்னர் வண்ணத்துப்பூச்சியை அறிய விரும்பியவர்கள் வலையால் பிடித்து ஊசியில் குத்தி வைத்தார்கள். இன்று அதற்குத் தேவையில்லை. வனசீவராசிகளைப் பாதுகாக்கும் சட்டமும் அதை இலகுவில் அனுமதிக்காது. 2020 மே மாதத்தில் யால தேசிய பூங்காப் பகுதியில் வண்ணத்துப்பூச்சிகள் உட்பட நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் போத்தல்களில் சேகரித்த இத்தாலியர் இருவர் பிடிபட்டனர். 2024 செப்டெம்பரில் கொழும்பு நீதிமன்றம் அவர்களுக்கு 6 கோடி ரூபா தண்டம் விதித்தது. எமது பற்றைகளில் பறப்பவற்றுக்கு உலகச் சந்தையில் விலை உண்டு என்பதை இது காட்டுகிறது. பிள்ளைகளிடம் பூச்சி பிடித்துத் தரும்படி யாராவது பணம் காட்டினால் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் எமது பகுதிகளில் கமராவைக் கையில் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடமானது. இன்று பெரும்பாலான வீடுகளில் கமரா உள்ள கைத்தொலைபேசி ஒன்றாவது இருக்கிறது. அதை வைத்தே நல்ல படம் எடுக்கலாம். சில குறிப்புகளைத் தருகிறோம்.

வெயில் ஏறத் தொடங்கும் காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை நல்ல நேரம். குளிர்ந்த உடலோடு பூச்சி பறக்காது. அது முதலில் சிறகை விரித்து வெயில் காயும். அந்த நேரமே படம் எடுக்க வசதியானது. உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழாதபடி மெதுவாக அணுகுங்கள். தூரத்தில் நின்று திரையில் பெரிதாக்குவதைவிடப் பொறுமையாகக் கிட்டப் போவது நல்லது. சிறகை விரித்தபோது ஒன்றும் மூடியபோது ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுங்கள். பல இனங்களைச் சிறகின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தே பிரித்தறிய முடியும். மூன்றாவது படம் செடிக்கு. இலையும் பூவும் தெரிய எடுங்கள். புழுவைக் கண்டால் அது தின்னும் இலையோடு சேர்த்து எடுங்கள்.

பின்னர் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் திகதி, ஊர், இடம், செடியின் பெயர், அந்தப் பெயரைச் சொன்ன பெரியவரின் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பெயர் சொன்னவரையும் எழுதுவது முக்கியம். சில ஆண்டுகளில் அந்தப் பெரியவர் எம்மோடு இருக்கமாட்டார். அந்தக் கொப்பி இருக்கும்.

கால் வைக்கும் இடம்

ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வண்ணத்துப்பூச்சி எல்லைக்கல் பார்த்துப் பறப்பதில்லை. அதைத் துரத்தும் பிள்ளையும் நிலத்தைப் பார்ப்பதில்லை. எமது மண்ணில் இது உயிராபத்தான விடயம்.

கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அது 2018 ஜூனில் எமது நாட்டுக்கு நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் பத்து ஆண்டுகளுக்குள் நிலத்திலுள்ள கண்ணிவெடிகள் அகற்றப்பட வேண்டும் என்பது அதன் விதி. பெரும்பகுதி அகற்றப்பட்டுவிட்டது. ஆனால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி எவரும் பற்றைக்குள் இறங்கக்கூடாது.

ஆகவே தேடுவது வீட்டு வளவு, பாடசாலைத் தோட்டம், ஆலய வளவு, நாளாந்தம் மக்கள் நடக்கும் பாதை ஆகியவற்றோடு நிற்கட்டும். சிவப்பு எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ கண்டால் அங்கிருந்து வந்த வழியே திரும்ப வேண்டும். அறியாத இரும்புப் பொருளைத் தொடவோ எறிந்து பார்க்கவோ கூடாது. பெரியவருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவிக்க வேண்டும். படைமுகாம்களின் அருகே படம் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். பூச்சி பற்றைக்குள் போனால் போகட்டும். இன்னொன்று வரும். இந்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாதவர்கள் தேடலைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

காணியைத் துப்புரவு செய்யும்போது

பல ஆண்டுகளின் பின் காணிக்குத் திரும்பும் குடும்பம் முதலில் செய்வது துப்புரவு. பாம்புப் பயமும் வெடிப்பயமும் இருக்கும்போது அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து காணியை எல்லைக்கு எல்லை வழித்துவிடும் பழக்கம் வளர்ந்து வருவதை நாம் ஏற்கவில்லை. கிளுவையும் பூவரசும் நின்ற உயிர்வேலியின் இடத்தில் தகரமும் முட்கம்பியும் வருகின்றன. வேலியோடு வேலியில் படர்ந்த கொடிகளும் போகின்றன. கொடிகளோடு பூச்சிகளும் போகின்றன.

வேலியில் ஒரு பக்கத்தையாவது உயிர்வேலியாக விடுங்கள் என்பதே எமது வேண்டுகோள். கிணற்றடி மூலையில் ஒரு தேசி, ஒரு கறிவேப்பிலை, நாலு தும்பை நிற்கட்டும். எருக்கலை ஒன்றை எல்லையில் விட்டுவைத்தால் விளைச்சல் குறையப் போவதில்லை.

மருந்தடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. தேசிக் கன்றின் இலையைப் புழு தின்றால் கமக்காரருக்குக் கவலை வருவது இயல்பு. இளங்கன்றை அது மொட்டையடித்துவிடும். ஆனால் பத்துப் புழுவுக்காகக் கிருமிநாசினி தெளிக்கத் தேவையில்லை. கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விட்டால் போதும். வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும். கறிவேப்பிலைக்குத் தெளிப்பது எமது கறிச்சட்டிக்கே தெளிப்பதாகும். 2021 மேயில் இரசாயன உரத்துக்கும் நாசினிக்கும் இறக்குமதித் தடை ஒரே நாளில் வந்து, அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோது கமக்காரர் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. வீட்டு வளவில் ஒரு மூலையை மருந்தடிக்காத மூலையாக வைத்திருங்கள் என்றே கேட்கிறோம்.

பயிரில் மகரந்தம் சேர்க்கும் வேலையில் தேனீக்கே முதலிடம். வண்ணத்துப்பூச்சியின் பங்கு அதைவிடக் குறைவு. ஆனால் வண்ணத்துப்பூச்சிக்கு இடம் கொடுக்கும் மூலை தேனீக்கும் இடம் கொடுக்கும். பூசணி, வெள்ளரி, பாகல் போன்றவை தேனீ வராவிட்டால் பூத்தும் காய்க்காமல் போகும். வண்ணத்துப்பூச்சி கண்ணுக்கு இலகுவாகத் தெரிவது. அது வராத வளவில் தெரியாத வேறு பலவும் வராமல் போயிருக்கலாம்.

படைப்பின் காலம்

செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் அசிசி நகர் புனித பிரான்சிஸ்குவின் திருநாளாகிய ஒக்டோபர் 4ஆம் திகதி வரையான நாட்களைப் பல திருச்சபைகள் படைப்பின் காலமாக அனுசரிக்கின்றன. செப்டெம்பர் 1ஐப் படைப்புக்கான செப நாளாக 1989இல் முதலில் அறிவித்தவர் கொன்ஸ்தாந்திநோபிளின் மறைமுதுவர். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கத்தோலிக்கருக்கும் அந்த நாளை ஏற்படுத்தினார். மேலைநாடுகளில் அது இலையுதிர்காலத்தின் தொடக்கம். எமக்கோ அது வரட்சியின் இறுதி, முதல் மழையை எதிர்பார்த்திருக்கும் காலம்.

வயல்வெளி மலர்களைக் கவனித்துப் பார்க்கும்படி இயேசு கூறியது வசதியாக வாழ்ந்தவர்களிடமல்ல. நாளைக்கு என்ன உண்போம், எதை உடுப்போம் என்று ஏங்கிய ஏழைகளிடமே அதைக் கூறினார். கவலை உள்ளவர்களுக்கும் பார்க்கும் உரிமை உண்டு. இடம்பெயர்ந்தவர் என்றால் அரிசியும் தகரமும் மட்டும் போதும் என்று எண்ணுவோருக்கு நாம் சொல்லும் பதிலும் இதுவே. எமது பிள்ளைகளுக்கு உணவு வேண்டும், காணி வேண்டும். தம் மண்ணிலுள்ளவற்றைப் பெயர் சொல்லி அறியும் உரிமையும் வேண்டும்.

ஆகவே பங்குகளிடமும் மறைக்கல்வி ஆசிரியர்களிடமும் மாதர் சங்கங்களிடமும் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. இந்தப் படைப்பின் காலத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையைப் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். ஊரின் மூத்த கமக்காரர் ஒருவரையும் கீரை, மூலிகை அறிந்த ஒரு பாட்டியையும் கட்டாயம் அழையுங்கள். பிள்ளைகள் பூச்சியைக் கண்டுபிடிக்கட்டும், பெரியவர்கள் செடியின் பெயரைச் சொல்லட்டும், ஒருவர் எழுதட்டும். காணிக்கு இன்னும் திரும்பாத குடும்பங்கள் இப்போது இருக்கும் வளவிலேயே இதைச் செய்யலாம். எருக்கலையும் தும்பையும் அங்கும் முளைக்கும். இங்கே கற்ற பெயர் சொந்தக் காணிக்குப் போகும் நாளில் பிள்ளையோடு கூடவே போகும்.

மழை தொடங்கித் தளிர் விட்டதும், கார்த்திகையில் அதே கொப்பியோடு அதே இடங்களை மீண்டும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். வரட்சியில் கண்டவை எத்தனை, மழைக்குப் பின் கண்டவை எத்தனை என்று பிள்ளைகளே எண்ணட்டும்.